முதல் மேடைக்கு ஒரு விருது: ‘தியேட்டர் வேர்ல்ட்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடிகர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படிக்கிறவர்கள் கண்ணில் ஒரு வரி அடிக்கடி படும்: ‘தியேட்டர் வேர்ல்ட் விருது பெற்றார்.’ மார்லன் பிராண்டோ, ஆட்ரி ஹெப்பர்ன், ஜேம்ஸ் டீன், அல் பசினோ, மெரில் ஸ்ட்ரீப் என்று யாருடைய குறிப்பை எடுத்தாலும் தொடக்கத்திலேயே அது வந்துவிடும். அடுத்த பக்கத்தில் ஆஸ்கர், டோனி என்று பெரிய பெயர்கள் வந்ததும் மறந்துபோகும். எனக்கு இந்தச் சின்ன விருதின் மேல் பல ஆண்டுகளாகத் தீராத பிரியம். நாடகம் பார்க்கும் நண்பர்களும் நாடகம் போடும் பிள்ளைகளும் இதைப் பற்றி என்னிடம் கேட்டவற்றைப் பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது எங்கே, யாருக்குக் கொடுக்கப்படும் விருது?

நியூயார்க் நகரத்தில். அங்கே பிராட்வே எனப்படும் பெரிய அரங்குகளிலோ ஆஃப்-பிராட்வே எனப்படும் சிறிய அரங்குகளிலோ முதல் முறையாகக் குறிப்பிடத்தக்க வேடம் ஏற்று, அதைச் சிறப்பாகச் செய்த நடிகர் நடிகையருக்கு ஆண்டுதோறும் வழங்குகிறார்கள். 1944-45 நாடக சீசனில் தொடங்கியது. அமெரிக்க நாடக உலகின் மிகப் பெரிய விருதான டோனி முதன்முதலில் வழங்கப்பட்டது 1947இல். ஆகவே இது டோனிக்கும் மூத்தது.

ஒருவர் இரண்டு முறை வாங்க முடியுமா?

முடியாது. அறிமுகம் ஒரு முறைதானே!

இதைத் தொடங்கியவர் யார்? பெயர் ஏன் ஒரு பத்திரிகையின் பெயர்போல இருக்கிறது?

அது ஓர் ஆண்டு மலரின் பெயர்தான். டேனியல் புளூம் என்பவர் 1944-45 சீசனில் நியூயார்க் மேடைகளில் நடந்த நாடகங்களையெல்லாம் படங்களோடு ஒரே புத்தகமாகத் தொகுத்தார். எந்த நாடகம், எந்த அரங்கு, என்றைக்குத் தொடங்கியது, எத்தனை காட்சிகள் ஓடியது, யார் யார் என்ன வேடம் செய்தார்கள் என்ற விவரம் முழுவதும் அதில் இருக்கும். அந்த மலருக்கு ‘தியேட்டர் வேர்ல்ட்’ என்று பெயர். அந்த சீசனில் நம்பிக்கை தந்த புதுமுகங்கள் என்று சிலரை அதில் அடையாளம் காட்டினார்கள். விருது பிறந்தது அப்படித்தான்.

1960களின் நடுவில் புளூம் மறைந்த பிறகு, அவரோடு வேலை பார்த்த ஜான் வில்லிஸ் மலரையும் விருதையும் கையில் எடுத்துக்கொண்டார். 2010இல் தமது 93ஆம் வயதில் காலமாகும்வரை இரண்டோடும் அவர் பெயர் ஒட்டியே இருந்தது. அந்த மலருக்கு 2001இல் டோனி அமைப்பே ஒரு கௌரவத்தை அளித்தது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த விருது பெரிய பணக்காரர் ஒருவரின் அறக்கட்டளையிலிருந்து வரவில்லை. கணக்கு எழுதுகிற ஒருவரின் மேசையிலிருந்து வந்தது. வருடம் முழுக்க நாடகங்களின் நடிகர் பட்டியலை வரிசையாக எழுதிக்கொண்டே போகிறவருக்கு, ‘இந்தப் பெயரை இதுவரை எழுதியதில்லையே’ என்று சட்டென்று தெரியும். புதியவரைக் கண்டுபிடிக்க, பழையவர்கள் எல்லோரையும் யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் நாடக நோட்டீஸ்கள் பழைய பேப்பர்க்காரரிடம் போய்ச் சேர்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மலரின் நினைவு வரும்.

முதல் ஆண்டில் யாருக்குக் கிடைத்தது?

பதினொரு பேருக்கு. அவர்களில் ஜூடி ஹாலிடே, ஜான் ரெய்ட், பெட்டி காம்டன், பாம்பி லின் ஆகியோர் நாடக ரசிகர்களுக்கு நன்கு தெரிந்தவர்கள். பெட்டி காம்டன் ‘ஆன் தி டவுன்’ என்ற இசை நாடகத்தின் வசனத்தையும் பாடல்களையும் கூட்டாக எழுதி, அதிலேயே நடிக்கவும் செய்தவர். ஜான் ரெய்ட், பாம்பி லின் இருவரும் 1945 ஏப்ரலில் தொடங்கிய ‘கேரசல்’ இசை நாடகத்தில் தந்தையாகவும் மகளாகவும் வந்தவர்கள். அந்த நாடகத்தில் தந்தையாகப் போகும் நாயகன் தனியாக மேடையில் நின்று ஏழெட்டு நிமிடம் தொடர்ந்து பாட வேண்டிய ஒரு கட்டம் உண்டு. பிறக்கப்போவது மகனா, மகளா என்று தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பாட்டு. பிராட்வேக்குப் புதியவர் ஒருவரின் தோளில் அவ்வளவு பெரிய சுமையை வைத்தார்கள். அவரும் சுமந்துவிட்டார்.

ஜூடி ஹாலிடே அடுத்த ஆண்டே, 1946 பிப்ரவரியில், ‘பார்ன் யெஸ்டர்டே’ நாடகத்தில் நாயகியானார். அதே வேடத்தைத் திரையிலும் செய்து ஆஸ்கர் வாங்கினார்.

‘அறிமுகம்’ என்பதற்கு என்ன அளவுகோல்? பிராண்டோவுக்குக் கிடைத்தது அவருடைய முதல் நாடகத்துக்கு இல்லையே?

கூர்மையான கேள்வி. உண்மைதான். பிராண்டோ முதலில் பிராட்வே மேடை ஏறியது 1944 அக்டோபரில், ‘ஐ ரிமெம்பர் மாமா’ நாடகத்தில். விருது கிடைத்ததோ 1945-46 சீசனில், அதற்குப் பின் நடித்த நாடகங்களுக்கு. ஜேம்ஸ் டீன் கதையும் இதுதான். 1952 டிசம்பரில் ‘சீ தி ஜாகுவார்’ என்ற நாடகத்தில் நடித்தார். அது ஐந்தே காட்சிகளில் நின்றுபோனது. விருது கிடைத்தது 1954இல் ‘தி இம்மாரலிஸ்ட்’ நாடகத்துக்கு.

காரணம் எளிது. தொடக்க காலத்தில் இதற்கு ‘அறிமுக விருது’ என்று பெயரே இல்லை. நம்பிக்கை தரும் ஆளுமைகள் என்றுதான் அவர்களைக் குறிப்பிட்டார்கள். இந்த சீசனில் நம் கண்ணைத் திறந்தவர் யார் என்பதே கேள்வி. முதலா, இரண்டாவதா என்று விரல்விட்டு எண்ணவில்லை.

பிறகு விதி இறுகியது. இப்போதைய அளவுகோல்: பிராட்வேயிலோ ஆஃப்-பிராட்வேயிலோ ஒருவர் ஏற்கும் முதல் குறிப்பிடத்தக்க வேடம், விமர்சகர்கள் வந்து பார்த்து எழுதத்தக்க வேடம். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவராகப் பாடி ஆடியவர், முக்கிய நடிகருக்கு உடம்பு சரியில்லாத நாளில் மட்டும் இறங்குவதற்காகக் காத்திருந்த மாற்று நடிகர், இவர்களெல்லாம் மேடையை மிதித்தவர்கள்தாம். ஆனால் அவர்களை ‘அறிமுகமாகிவிட்டார்’ என்று கணக்கில் தள்ளிவிட்டால், பல ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு உண்மையான வேடம் கிடைக்கும்போது அவர்களுக்குரிய வாய்ப்பு பறிபோய்விடும். முதல் பேச்சு என்பது ஒருவர் வாய் திறந்த நாள் இல்லை. அவர் பேச்சை மற்றவர்கள் உட்கார்ந்து கேட்ட நாள்.

பிராண்டோ அப்படி என்னதான் செய்தார்?

நாடகத்தின் பெயர் ‘டிரக்லைன் கஃபே’. எழுதியவர் மேக்ஸ்வெல் ஆண்டர்சன், இயக்கியவர் ஹெரால்ட் கிளர்மன். 1946 பிப்ரவரி 27 அன்று பெலாஸ்கோ அரங்கில் தொடங்கியது. பிராண்டோவுக்கு 21 வயது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய் வேடம். மனைவியின் துரோகத்தை அறிந்து அவளைக் கொன்றுவிட்டு, கடலில் நனைந்தபடி உணவு விடுதிக்குள் வந்து அதைச் சொல்ல வேண்டும். சிறிய வேடம்.

அந்தக் காட்சிக்கு முன்னால் மேடைக்குப் பின்புறம் நடந்ததைப் பிற்பாடு பலரும் சொல்லியிருக்கிறார்கள். நுழைவதற்கு முன் பிராண்டோ படிக்கட்டில் மேலும் கீழும் ஓடுவார். மூச்சு இரைக்கும். நுழையும் நேரத்தில் ஒருவர் ஒரு வாளிக் குளிர்ந்த நீரை அவர் மேல் கொட்டுவார். தலைமுடியும் சட்டையும் உடம்போடு ஒட்ட, குளிரில் நடுங்கிக்கொண்டே அவர் வெளிச்சத்துக்குள் வருவார். கடலிலிருந்து வந்தவன் என்று யாரும் வசனத்தில் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவர் பேசி முடித்ததும் எழுந்த கைதட்டலில் அடுத்த வசனத்தைத் தொடங்க முடியாமல் நாடகம் நின்றது என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்த நாடகம் ஓடியது 13 காட்சிகள். விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். ஆத்திரம் தாங்காமல் நாடகாசிரியரும் தயாரிப்பாளர்களும் விமர்சகர்களைக் கண்டித்துப் பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார்கள். ஆனாலும் நாடகம் பிழைக்கவில்லை. அந்த வாளித் தண்ணீரில் நனைந்த பையன் பிழைத்தான்.

தோல்வியடைந்த நாடகத்தில் நடித்தவருக்கு விருது தருவது அடிக்கடி நடக்குமா?

மிக அடிக்கடி. என்னைக் கேட்டால் இந்த விருதின் பெருமையே அதில்தான் இருக்கிறது.

பர்ட் லங்காஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கஸில் வித்தை காட்டியவர். ராணுவத்திலிருந்து வந்திருந்த சமயத்தில் ஒரு கட்டடத்தின் லிஃப்டில் அவரைப் பார்த்த ஒருவர், நடிகர் என்று நினைத்து நாடகத்துக்கு அழைத்ததாகச் சொல்வார்கள். 1945 நவம்பரில் ‘எ சவுண்ட் ஆஃப் ஹன்டிங்’ நாடகத்தில் நடித்தார். 23 காட்சிகளோடு முடிந்தது. விருது வந்தது. அடுத்த ஆண்டு ஹாலிவுட்டில் நாயகன்.

சார்ல்டன் ஹெஸ்டனுக்கு 1950இல் விருது வாங்கித் தந்த நாடகம் ஓடியது 8 காட்சிகள். ஜேன் ஃபோண்டாவுக்கு 1960இல் வாங்கித் தந்தது 16 காட்சிகள். அல் பசினோவின் முதல் பிராட்வே நாடகம் 1969 பிப்ரவரியில் அதே பெலாஸ்கோ அரங்கில் தொடங்கி 39 காட்சிகளில் முடிந்தது.

கூட்டிப் பாருங்கள். நான்கு பேருடைய காட்சிகளையும் சேர்த்தால் நூறைக்கூடத் தொடவில்லை. டிக்கெட் விற்பனையைப் பார்த்து மதிப்பிடும் ஓர் ஊரில், அரங்கின் பாதி காலியாக இருந்தபோதும் யாரோ சிலர் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள். நாடகத்தின் குறையை நடித்தவர் தலையில் ஏற்றாமல் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பொறுமைக்காகவே அவர்களை வணங்கலாம்.

வெற்றி நாடகங்களும் உண்டு, மறுக்கவில்லை. ‘பிக்னிக்’ நாடகத்துக்காகப் பால் நியூமன் 1953இல் வாங்கினார். அது 477 காட்சிகள் ஓடியது. ஜூலி ஆண்ட்ரூஸ் ‘தி பாய் ஃபிரெண்ட்’ மூலம் நியூயார்க் மேடை ஏறியது 1954 செப்டம்பர் 30. மறுநாள் அவருக்கு 19ஆவது பிறந்த நாள். ஆட்ரி ஹெப்பர்ன் 1951 நவம்பரில் ‘ஜிஜி’ நாடகத்தின் நாயகியாக வந்தார். மான்டி கார்லோவில் படப்பிடிப்பில் இருந்த அந்தப் பெண்ணைப் பார்த்து, ‘இவள்தான் என் ஜிஜி’ என்று முடிவு செய்தவர் கதையை எழுதிய கோலெட்டே.

பிராட்வே, ஆஃப்-பிராட்வே: என்ன வேறுபாடு?

இருக்கைகளின் எண்ணிக்கை. 500 அல்லது அதற்கு மேல் இருக்கைகள் உள்ள, மன்ஹாட்டனின் குறிப்பிட்ட 41 அரங்குகள் பிராட்வே. 100 முதல் 499 வரை என்றால் ஆஃப்-பிராட்வே. அதற்கும் கீழே இருப்பவை ஆஃப்-ஆஃப்-பிராட்வே. டோனி விருது பிராட்வேக்கு மட்டும். தியேட்டர் வேர்ல்ட் முதல் இரண்டையும் பார்க்கிறது.

இந்த ஒரு வேறுபாட்டால் கிடைத்த செல்வம் கொஞ்சநஞ்சம் இல்லை. லைசா மின்னெல்லி 1963இல் 17 வயதில் விருது வாங்கியது ஆஃப்-பிராட்வே இசை நாடகம் ஒன்றுக்காக. அதே ஆண்டுப் பட்டியலில் ஆலன் ஆர்கினும் இருந்தார். சில ஆண்டுகள் கழித்து அந்த ஆர்கினே ஆஃப்-பிராட்வேயில் இயக்கிய ‘ஏ?’ என்ற நாடகத்தில் நடித்து டஸ்டின் ஹாஃப்மன் விருதுபெற்றார். புதியவராக வந்து கைதூக்கிவிடப்பட்டவர், தன் முறை வந்தபோது இன்னொரு புதியவரைக் கைதூக்கிவிட்டிருக்கிறார்.

ஏற்கெனவே உலகப் புகழ் பெற்ற சினிமா நட்சத்திரத்துக்குப் ‘புதுமுக’ விருதா? இது அநியாயம் இல்லையா?

2013ஆம் ஆண்டுப் பட்டியலில் டாம் ஹாங்க்ஸ் பெயரைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி. இரண்டு ஆஸ்கர் வாங்கியவர், 56 வயதில், ‘லக்கி கை’ என்ற நாடகத்தில் முதல் முறையாகப் பிராட்வேயில் நடித்தார். ஒரு பத்திரிகையாளரின் வாழ்க்கையை வைத்து நோரா எஃப்ரன் எழுதியது. மேடையேறுவதற்கு முந்தைய ஆண்டே எழுதியவர் இறந்துபோனார்.

எனக்கும் முதலில் மனம் ஒப்பவில்லை. பட்டியலில் பன்னிரண்டு இடங்கள்தாம். ஓர் இடத்தை இன்னும் வாடகை கொடுக்கத் திண்டாடும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது. பிறகு யோசித்துப் பார்த்தேன். திரையில் ஒரு காட்சி சரியாக வரவில்லை என்றால் மறுபடியும் எடுக்கலாம். மேடையில் வாரத்துக்கு எட்டுக் காட்சி. நாக்குக் குழறினால் குழறியதுதான். இளம் வயதில் கிளீவ்லேண்ட் நகரத்து ஷேக்ஸ்பியர் விழாவில் சின்ன வேடங்கள் போட்டுக் கற்றவர் அவர். இத்தனை காலம் கழித்து, கோடிக்கணக்கானவர்கள் அறிந்த முகத்தோடு, தெரியாத ஒரு தொழிலுக்குள் நுழைவதுபோல நுழைவதற்குத் துணிவு வேண்டும். இழப்பதற்கு எதுவும் இல்லாத இளைஞனைவிட அவருக்கு இழக்க நிறையவே இருந்தது.

ஆனாலும் ஒன்று சொல்வேன். 2016இல் ‘எக்லிப்ஸ்டு’ நாடகத்துக்காக லுபிடா நியோங்கோ வாங்கினார். அவரும் அதற்குள் ஆஸ்கர் நாயகி. இப்படிப்பட்டவர்கள் பட்டியலில் ஓரிருவர் இருந்தால் அழகு. பாதிப் பேர் இருந்தால் விருது தன் வேலையை மறந்துவிட்டது என்று பொருள்.

தேர்வு எப்படி நடக்கிறது?

நியூயார்க்கின் நாடக விமர்சகர்கள் சிலர் அடங்கிய குழு கூடி முடிவு செய்கிறது. ‘பரிந்துரைப் பட்டியல்’ என்று ஒன்று கிடையாது. பெயர்கள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுவிடும். ஆகவே விழாவில் உறையைப் பிரிக்கும் நாடகம் இல்லை. பிரித்த நொடியில் மற்ற நால்வரின் முகத்தை நோக்கிக் கேமராவைத் திருப்புகிற கொடுமையும் இல்லை. அன்று மேடைக்கு அழைக்கப்பட்ட எல்லோரும் வென்றவர்கள்.

ஆறு நடிகர், ஆறு நடிகையர் என்று பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது நெடுநாள் வழக்கம். தொடக்க ஆண்டுகளில் எண்ணிக்கை கூடக்குறைய இருந்ததும் உண்டு. பிராண்டோவும் லங்காஸ்டரும் வாங்கிய ஆண்டில் மொத்தம் ஒன்பது பேர்.

விழா எப்படி இருக்கும்?

சீசன் முடியும் கோடைத் தொடக்கத்தில் நடக்கும். புதியவருக்கு விருதைக் கொடுப்பவர் அதே விருதை முன்பு வாங்கிய ஒருவர். இதுதான் அந்த விழாவின் உயிர். நாற்பது ஆண்டுக்கு முன் நடுங்கிக்கொண்டு நின்ற ஒருவர், இன்று நடுங்கிக்கொண்டு நிற்பவரின் கையில் சிலையை வைக்கிறார். பெரியவர்கள் தங்கள் முதல் நாள் குளறுபடிகளைச் சொல்வார்கள்: மறந்த வசனம், கழன்ற பொத்தான், தவறான கதவைத் திறந்த கதை. அரங்கம் முழுக்கத் தொழிலறிந்தவர்கள் என்பதால் ஒவ்வொன்றும் எல்லோருக்கும் புரியும்.

சிலைக்கு ஏன் இரண்டு முகம்?

அது ஜேனஸ் என்ற ரோமானியத் தெய்வம். வாசல்களுக்கும் தொடக்கங்களுக்கும் உரியவர். ஒரு முகம் முன்னே, ஒரு முகம் பின்னே. ஹாரி மரின்ஸ்கி என்ற சிற்பி வெண்கலத்தில் வடித்தது. வருவதும் போவதுமாக இருக்கும் நடிகனுக்கு வாசல் தெய்வத்தைவிடப் பொருத்தமான சாமி எங்கே கிடைக்கும்?

முதல் நடிப்பை ஏன் இவ்வளவு கொண்டாட வேண்டும்? வளர்ந்த பிறகு வரும் நடிப்புதானே சிறந்தது?

வளர்ந்த பிறகு வரும் நடிப்பு சிறந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வளர்ந்தவரைப் பாராட்ட ஊரே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறிய குழுவின் நாடகத்தில் மேடைப் பொருள்களை எடுத்துக் கொடுக்கும் வேலையைப் பார்த்தேன். கல்லூரி முடித்த ஒரு பெண்ணுக்கு அன்று முதல் மேடை. பக்கத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவளிடம் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தேன். செம்பின் மேல் கவிழ்த்திருந்த டம்ளர் கடகடவென்று ஆடியது. அந்தச் சத்தம் முதல் வரிசைக்குக் கேட்டுவிடும் என்று பயந்து, டம்ளரைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டு வெறும் செம்போடு உள்ளே போனாள். உள்ளே போனதும், டம்ளர் இல்லாததையே காட்சியாக்கினாள்: செம்பை மாமனார் முன் வைத்துவிட்டு, ‘அப்படியே குடியுங்கள், இந்த வீட்டில் டம்ளரும் அடகுக்குப் போய்விட்டது’ என்றாள். எழுதப்படாத வசனம். அரங்கம் ஒரு கணம் அமைதியாகிப் பிறகு கைதட்டியது. அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒரு நாடகத்தில்கூட நடிக்கவில்லை. வேலை, ஊர் மாற்றம். அன்று அவளிடம் யாராவது ஒரு காகிதத்திலாவது ‘நாங்கள் பார்த்தோம்’ என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

வாங்கிய எல்லோரும் நட்சத்திரமானார்களா?

இல்லை. பட்டியலை முழுதாகப் படித்தால், பெரும்பாலான பெயர்கள் உங்களுக்கும் எனக்கும் தெரியாதவை. முதல் ஆண்டுப் பட்டியலில் ஜூடி ஹாலிடே பெயருக்கு அருகில் நான்சி நோலண்ட் என்று ஒரு பெயர் இருக்கிறது. அடுத்த ஆண்டில் பிராண்டோவோடு மேரி ஜேம்ஸ், பில் கல்லஹன். இந்த விருதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பெரிய பெயர்களை மட்டும் எடுத்து அடுக்குகிறார்கள். இங்கே நானும் அதையே செய்திருக்கிறேன். வாசகருக்கு அறிமுகமான பெயர் வேண்டுமே என்ற எண்ணம்தான்.

ஆனால் ‘எதிர்கால நட்சத்திரங்களைக் கண்டுபிடிக்கும் விருது’ என்று இதைப் புகழ்வது பிழை. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுகிறவரின் பார்வை அது. விருது கொடுக்கப்பட்டது அந்த சீசனில் செய்த வேலைக்கு. அந்த வேலை அன்று மாலை மேடையில் முழுமையாக நடந்து முடிந்துவிட்டது. பிறகு அவர் ஹாலிவுட் போனாரா, பிள்ளைகளை வளர்த்தாரா என்பது அந்த மாலையின் மதிப்பைக் கூட்டவும் குறைக்கவும் செய்யாது.

கணவன் மனைவி, உடன்பிறந்தவர் என்று யாராவது வாங்கியிருக்கிறார்களா?

1950இல் சார்ல்டன் ஹெஸ்டனும் அவர் மனைவி லிடியா கிளார்க்கும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். அந்த ஆண்டு கிரேஸ் கெல்லியும் உண்டு. ஜேன் ஃபோண்டா 1960இல் வாங்க, தம்பி பீட்டர் ஃபோண்டா 1962இல் வாங்கினார்.

இதுபோன்ற வேறு விருதுகள் உண்டா?

நியூயார்க்கிலேயே கிளாரன்ஸ் டெர்வென்ட் விருது இருக்கிறது. நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி 1945 முதல் நம்பிக்கை தரும் நடிகர் ஒருவருக்கும் நடிகை ஒருவருக்கும் அளிப்பது. முதல் ஆண்டில் நடிகைக்கான விருது அதே ஜூடி ஹாலிடேவுக்கு. நடிகருக்கான விருது ஃபிரெடரிக் ஓ’நீலுக்கு. கறுப்பின நாடகக் கலைஞர்களுக்காக ‘அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர்’ குழுவைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் அவர். பிற்பாடு, 1964இல், அந்தச் சங்கத்துக்கே தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்.

லண்டனில் இயன் சார்ல்ஸன் விருது உண்டு. அது அறிமுகத்துக்கானது இல்லை. செவ்வியல் நாடகங்களில் நடிக்கும், 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. கடும் நோயோடு 1989இல் தேசிய நாடக அரங்கில் ஹாம்லெட்டாக நடித்து, 1990 ஜனவரியில் 40 வயதில் இறந்துபோன நடிகரின் பெயரில் வழங்குகிறார்கள்.

டோனியில் அறிமுகத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது.

நம் மரபில் முதல் மேடைக்கு விருது கொடுத்தது உண்டா?

உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே அதுதான். ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு பயின்ற மாதவி, பன்னிரண்டு வயதில் சோழன் முன் அரங்கேறுகிறாள். ஆடி முடித்ததும் ‘தலைக்கோல்’ பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். அரங்கின் நீள அகலம் முதல் குழலும் யாழும் வாசிப்பவரின் தகுதிவரை இளங்கோ அந்தக் காதையில் எழுதி வைத்திருக்கிறார். புளூமின் மலரைப்போலவே, யார் என்ன செய்தார்கள் என்ற விவரத்தில் அவருக்கும் அவ்வளவு அக்கறை.

விழாவில் கொடுக்கப்படும் ‘டாரத்தி லௌடன்’ விருது என்பது யார் பெயரில்?

1963இல் தியேட்டர் வேர்ல்ட் வாங்கிய நடிகையின் பெயரில். அவருடைய முதல் பிராட்வே இசை நாடகம் 1962 நவம்பரில் தொடங்கி 9 காட்சிகளில் நின்றது. அதன் பிறகு கிடைத்த நாடகங்களும் நிலைக்கவில்லை. 1977 ஏப்ரலில் ‘ஆனி’ இசை நாடகத்தில் அநாதை விடுதியை நடத்தும் கொடுமைக்காரியாக வந்தபோதுதான் நியூயார்க் அவரைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு டோனியும் கிடைத்தது. இடையில் ஓடியவை 14 ஆண்டுகளுக்கு மேல். அதற்கெல்லாம் முன்பே ‘நீ நடிகைதான்’ என்று ஊரறியச் சொன்ன சான்று, 9 காட்சி நாடகத்துக்காகக் கிடைத்த அந்த விருது. 2003இல் அவர் இறந்த பிறகு, அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளையின் துணையோடு, 2009 முதல் இதே விழாவில் ஆண்டுதோறும் ஒருவருக்கு அந்த விருதும் வழங்கப்படுகிறது.